பதினோராம் நாள்

முதலில் சொன்னது
கேட் ஏழின் விரல்ரேகை எந்திரம்.
துடைத்து வைத்தேன். சிவப்பு.
சட்டையில் தேய்த்து, வாயால் ஊதி வைத்தேன். சிவப்பு.
சோகார் துறைமுகத்தில் விடிகாலை ஐந்தேகால்.
வரிசை எனக்குப் பின்னால்
நாலைந்து மொழியில் உச்சுக்கொட்டியது.

நான் நம்பவில்லை.
ஆகஸ்ட் புழுக்கம் என்றேன்.
புது சோப்புத்தூள் என்றேன்.
நாகூர்கனி ஆக்கிய இறால் என்றேன்;
அவன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

மருந்தைப் பழி சொல்ல மட்டும் வாய் வரவில்லை.
நல்ல மருந்து அது.
மூன்று வருஷம் முன்னால்
நான்காவது ஊசி முடிந்த வெள்ளிக்கிழமை
சலூன்காரர் கையுறை இல்லாமல்
என் தலையைத் தொட்டார்.
அன்றுதான் அரைக்கைச் சட்டை வாங்கினேன், இரண்டு.

அறையில் ஆறு பேர், ஒரு ஃப்ரிட்ஜ்.
தயிருக்கும் மத்திக் குழம்புக்கும் நடுவே
என் ஊசிப் பேனாக்கள்.
கரண்டு போனால் ஐஸ் வாங்க ஓடுகிறவன் பிச்சுமணி.
என்ன வியாதி என்று கேட்டதே இல்லை.

பதினான்கு நாளைக்கு ஒன்று.
முதல் வருஷம் பதினான்காம் நாள் வந்ததை
போன் அலாரம்தான் சொல்லும்.
பிறகு, பதிமூன்றாம் நாளில்
முழங்கையில் ஒரு நினைப்பு.
அரிப்பு இல்லை,
அரிப்பின் நினைப்பு.
பிறகு பதினோராம் நாள்.
பணம் அனுப்பும் கடை தந்த காலண்டரில்
பென்சில் புள்ளி வைக்கத் தொடங்கினேன்,
வீட்டுக்காரி நாள் குறிப்பதைப் போல.
நோன்பு முடிந்தபோது ஒன்பது.

வீடியோ காலில் செல்வபாக்கியம்
முழங்கையைக் காட்டு என்பாள்.
நான் கேமராவைத் திருப்பிக் கப்பலைக் காட்டுவேன்.
"கப்பலுக்கு ஒண்ணுமில்ல,
நல்லாத்தான் இருக்கு" என்றாள் ஒருநாள்.

காலையில் விரல்கள் மடங்கப்
பத்து நிமிஷம் போதும், முன்பெல்லாம்.
இப்போது கம்பெனி பஸ்
மூன்றாவது ரவுண்டானா தாண்ட வேண்டும்.
நடுவிரல் கொழுக்கட்டையாய் வீங்கி
தண்ணீர் பாட்டில் மூடியிடம் தோற்கிறது.
நாகூர்கனி கேட்காமலே திறந்து வைக்கிறான்.
இறால் பேச்சை அவன் மறந்திருக்கலாம்.
மறக்காமலும் இருக்கலாம்.

டாக்டர் ஹைதம்
என் உள்ளங்கையையே அளவுகோலாக்கினார்.
ஓர் உள்ளங்கை, உடம்பில் நூற்றில் ஒன்று.
முதுகில் நான்கு. காலில் மூன்று.
தலையில் ஒன்று.
போன வருஷம் அந்தக் கட்டத்தில் பூஜ்யம்.
ஊசியை நாள் தவறாமல் போட்டாயா என்று கேட்டார்.
மடித்துக் கொண்டுபோன காலண்டரை விரித்தேன்.
புள்ளிகளை வெகுநேரம் பார்த்தார்.

அவர் சொன்னதை நர்ஸ் ஜிஷா
பாதி மலையாளத்தில், பாதி தமிழில் சொன்னாள்:
உடம்பு இந்த மருந்தை
அடையாளம் கண்டுவிட்டிருக்கும் சேட்டா,
வெளியாள் என்று வாசலிலேயே பிடித்துக்கொள்ளும்.
ரத்தம் பார்த்தால் தெரியும்.
உங்கள் தப்பு இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது.
பதினெட்டு வருஷமாக நான் வெளியாள்.
என் தோலுக்குள்ளும்
ஒரு குடியேற்ற அலுவலகம் இருப்பது தெரியாமல் போச்சு.
வீட்டுக்கு வந்து குளிக்கும்போது
சிரிப்பு நின்றுவிட்டது.

புது மருந்துக்குக்
காப்பீட்டுக்காரர் அனுமதி வர வேண்டும்.
மூன்று வாரம் என்கிறார்கள். ஆறு என்றும்.
அதுவரை கேட் ஏழில் எனக்கு ஒரு நோட்டு.
காவலாளி ஷம்பே
எந்திரத்தைப் பார்ப்பதில்லை,
என் முகத்தைப் பார்த்துப் பேனாவை நீட்டுகிறார்.
உலக்கையைப் பிடிப்பதுபோல் அதைப் பிடித்து
கையெழுத்துப் போடுகிறேன்.
என் கையெழுத்து மாதிரியே இல்லை.
அவர் நோட்டை மூடுகிறார், சலாம் சொல்கிறார்.

ஃப்ரிட்ஜில் பழைய பேனா ஒன்று மிச்சம்.
தயிர்ச் சட்டிக்கு இடம் வேண்டுமாம்,
எடுக்கலாமா என்கிறான் பிச்சுமணி.
நாளைக்கு, என்கிறேன்.
நேற்றும் அதையேதான் சொன்னேன்.